நவாபின் லென்சிலிருந்து காவலூர் வரை: வானியலாளர் வைணு பாப்புவின் வாழ்க்கை

திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஆலங்காயம் நோக்கிப் போகும் சாலையில் காவலூர் என்ற சிற்றூர் இருக்கிறது. வாணியம்பாடிப் பக்கம் உள்ளவர்கள் ஆலங்காயம் வழியாக எதிர்த் திசையிலிருந்து இங்கே வருவார்கள். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், காவலூர் திருப்பத்தூர் மாவட்ட எல்லைக்குள் வருகிறது. காட்டுக்கு நடுவே ஒரு பெரிய குவிமாடம் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிவாசலின் குப்பாவைப் போலத் தெரியும். அதற்குள் இருப்பது 2.34 மீட்டர் விட்டமுள்ள குழியாடியைக் கொண்ட தொலைநோக்கி. 1986 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்தியாவின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கியாக இருந்தது இதுதான்.

வைணு பாப்பு வானாய்வகம் என்பது அந்த இடத்தின் பெயர். நம்மில் பலர் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக அந்தப் பெயரைப் படித்திருப்போம். ஆனால் அவருடைய வாழ்க்கை எங்கிருந்து தொடங்கியது என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நவாப் தன் சொந்தப் பணத்தில் வாங்கிய லென்சிலிருந்து அந்தக் கதையைத் தொடங்க வேண்டும். நம் குடும்பங்களும் ஜமாஅத்துகளும் கல்விக்காகச் செலவிடும்போது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி அதில் இருக்கிறது.

நவாப் ஜஃபர் ஜங்

ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலீ கான் ஆட்சிக் காலத்தில் ஹைதராபாத்தில் வாழ்ந்த செல்வந்தர் நவாப் ஜஃபர் ஜங். 1901-ல் அவர் 15 அங்குல லென்ஸ் கொண்ட தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். அயர்லாந்தின் டப்ளின் நகரில் கிரப் என்பவரின் பட்டறையில் உருவானது அது. அன்றைய நிலையில் உலகின் நல்ல வானாய்வகங்கள் வாங்க விரும்பிய தரம். அதனுடன் வானத்தைப் படமெடுக்கும் 8 அங்குலக் கருவி ஒன்றும் வந்தது. நிஜாமின் அனுமதி பெற்று, தன் வானாய்வகத்துக்கு நிஜாமியா என்று பெயர் வைத்தார். தன் காலத்துக்குப் பிறகு அரசே அதை ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1907-ல் அவர் இறந்தார். மறு ஆண்டு நிஜாம் அரசு வானாய்வகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு பேகம்பேட்டுக்கு மாற்றியது. 1919-ல் அது உஸ்மானியா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்தது.

லென்ஸ் பற்றிய அறிவு நம் முன்னோருக்குப் புதியதன்று. பக்தாதில் இப்னு ஸஹ்ல் என்ற அறிஞர் 984-ஆம் ஆண்டளவில் ஆடிகளும் லென்சுகளும் சூரிய ஒளியை ஒரு புள்ளியில் எப்படிக் குவிக்கின்றன என்று எழுதினார். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதை அவர் வடிவியல் மூலம் சரியாகக் காட்டியிருந்தார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், கிதாபுல் மனாழிர் என்ற நூலில், கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதில்லை, பொருளிலிருந்து கண்ணுக்குத்தான் வருகிறது என்பதைச் சோதனைகளால் நிறுவினார். அந்த நூல் லத்தீனுக்குப் போய், 1572-ல் பாசல் நகரில் அச்சாகி, ஐரோப்பிய ஒளியியலுக்கு அடித்தளங்களில் ஒன்றானது. அதற்குப் பின் லென்ஸ் தேய்க்கும் பட்டறைகள் வெனிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் டப்ளினிலும் வளர்ந்தன. நவாப் ஜஃபர் ஜங் லென்ஸ் தேடியபோது, அதை டப்ளினிலிருந்து வாங்க வேண்டிய நிலைதான் நமக்கு இருந்தது.

வாங்கிவிட்டால் மட்டும் போதவில்லை. பெரிய தொலைநோக்கி பேகம்பேட்டில் நிலையாக நிறுவப்பட 1922 ஆகிவிட்டது. அதற்குள் சிறிய கருவியை வைத்து நிஜாமியா ஒரு பெரிய வேலையைச் செய்தது. வானம் முழுவதையும் படமெடுத்து விண்மீன்களைப் பட்டியலிட, பாரிஸில் 1887-ல் தொடங்கிய சர்வதேசத் திட்டத்தில் வானத்தின் ஒரு பகுதி ஹைதராபாத்துக்கு ஒதுக்கப்பட்டது. லட்சக்கணக்கான விண்மீன்களின் இடத்தை ஒவ்வொன்றாக அளந்து பதிவு செய்தார்கள். ஆங்கிலேய இயக்குநர்களுக்குப் பிறகு டி.பி. பாஸ்கரனும், அவருக்குப் பின் முஹம்மது அக்பர் அலீயும் அங்கே தலைமை ஏற்றார்கள். அந்த வானாய்வகத்தில் உதவியாளராக வேலை செய்தவர்களில் ஒருவர் மணலி குகுழி பாப்பு. கேரளத்தின் தலச்சேரியைச் சேர்ந்தவர்.

வானாய்வகத்து ஊழியரின் மகன்

அவருடைய மகன் மணலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தார். மற்ற பிள்ளைகள் மைதானத்துக்குப் போகும் நேரத்தில் இவருக்கு அப்பாவின் அலுவலகம் திறந்திருந்தது. அங்கே 15 அங்குல லென்சின் வழியே வானம் தெரிந்தது.

அந்த லென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நம் வீட்டுப் பெரியவர்கள் ஃபஜ்ருக்குப் பிறகு குர்ஆன் ஓத அமரும்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடியில் இருப்பது குவிலென்ஸ். நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருக்கும். அதன் மீது விழும் ஒளி வளைந்து ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். தொலைநோக்கியின் முன் லென்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. இருட்டில் நம் கண்மணியின் திறப்பு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 15 அங்குலம் என்றால் 38 சென்டிமீட்டர். அந்தப் பரப்பில் விழும் ஒளியையெல்லாம் ஒரு புள்ளியில் சேர்த்தால், வெறும் கண்ணுக்கு எட்டாத மங்கலான விண்மீன்களும் தெரியத் தொடங்கும்.

சில விண்மீன்களின் ஒளி நாளுக்கு நாள் கூடும், குறையும். அவற்றைத் தொடர்ந்து கவனித்து அளப்பதில் பாப்புவுக்கு ஈடுபாடு வந்தது. கல்லூரி மாணவராக இருக்கும்போதே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். நிஜாம் கல்லூரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத் தலைவர் ஹார்லோ ஷேப்லி இந்தியா வந்தபோது, ஹைதராபாத்தில் அவரைச் சந்திக்கும் வாய்ப்பு இளைஞர் பாப்புவுக்குக் கிடைத்தது. ஹைதராபாத் அரசு உதவித்தொகை கொடுத்தது. 1949 தொடக்கத்தில் அவர் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

நவாப் லென்ஸ் வாங்கி அரை நூற்றாண்டு ஆகப்போகிற நேரம் அது. அவர் அமைத்த இடத்தில் ஓர் ஊழியரின் மகன் வளர்ந்து, அதே மண்ணின் அரசுப் பணத்தில் உலகின் சிறந்த கல்விக்கூடம் ஒன்றுக்குப் போகிறார். அந்தப் பிள்ளை என்ன மதம், என்ன மொழி என்று அந்த லென்ஸ் பார்க்கவில்லை. பயனுள்ள அறிவுக்காகச் செய்யும் செலவுக்கு இப்படித்தான் கணக்கு வரும். கொடுத்தவர் இறந்த பிறகு, அவர் நினைத்தே பார்த்திராத ஒருவருக்கு அது போய்ச் சேருகிறது.

ஒரு வால்மீனும் ஒரு விதியும்

ஹார்வர்டில் சேர்ந்த ஆண்டிலேயே பாப்புவின் பெயர் உலகுக்குத் தெரிந்தது. 1949 ஜூலையில், இரவில் எடுத்த வானப் படத் தகடு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதில் இருக்கக் கூடாத ஓர் ஒளிக்கீற்றை அவர் கண்டார். அது புதிய வால்மீன். ஆசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகிர்க் ஆகியோருடன் சேர்ந்து அதன் பாதையைக் கணக்கிட்டார்கள். பாப்பு–போக்–நியூகிர்க் என்று மூவர் பெயரும் அதற்கு வந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்காக பசிபிக் வானியல் கழகத்தின் டோனஹோ பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

1952-ல் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, கார்னகி ஆய்வாளராகக் கலிஃபோர்னியாவுக்குப் போனார். அன்று உலகிலேயே பெரியதாக இருந்த 5 மீட்டர் ஹேல் தொலைநோக்கி அங்கே பாலோமர் மலையில்தான் இருந்தது. அங்கே ஓலின் வில்சனுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1957-ல் வெளியானது. விண்மீனின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்தால் பல நிறங்களுக்கு நடுவே கோடுகள் தெரியும். கால்சியம் தனிமத்துக்கு உரிய ஒரு கோட்டின் நடுவில் தோன்றும் ஒளிர்வின் அகலத்தை அளந்தால், அந்த விண்மீன் உண்மையில் எவ்வளவு பிரகாசமானது என்று சொல்லிவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டு அதன் தூரத்தையும் கணக்கிடலாம். வில்சன்–பாப்பு விளைவு என்ற பெயரில் இது இன்றும் பாடநூல்களில் இருக்கிறது.

இந்த நிலையை எட்டிய ஒருவர் அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கையில் நல்ல பெயர் இருந்தது. பக்கத்தில் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி இருந்தது. ஆனால் பாப்பு 1953-ல் நாடு திரும்பினார். அப்போது அந்தத் தரத்தில் இந்தியாவில் ஒரு கருவியும் இல்லை.

நைனிடாலும் கோடைக்கானலும்

உத்தரப் பிரதேச அரசு 1954-ல் வாரணாசியில் ஒரு வானாய்வகம் தொடங்கியிருந்தது. அதன் பொறுப்புக்கு வந்த பாப்பு, சமவெளியின் தூசியும் வெளிச்சமும் ஆய்வுக்கு ஏற்றதல்ல என்று கண்டு, அதை இமயமலை அடிவாரத்தில் நைனிடாலுக்கு மாற்றுவதில் முக்கியப் பங்கு வகித்தார். 1960-ல், 33-ஆம் வயதில், கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

கோடைக்கானலுக்குப் பழைய வரலாறு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டப்பட்ட வானாய்வகத்தின் தொடர்ச்சிதான் அது. 1899 முதல் சூரியனை ஆராயும் பணி அங்கே நடந்துவந்தது. பகலில் சூரியனைப் பார்க்க அது நல்ல இடம். ஆனால் இரவு வானத்தை ஆராய ஆண்டில் போதுமான தெளிந்த இரவுகள் அங்கே கிடைக்கவில்லை. மேகம் அதிகம். கருவிகளும் பழையவை.

பாப்பு இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கினார். ஒன்று, இரவு வானத்துக்கு ஏற்ற புதிய இடம் தேடுவது. மற்றது, அந்த இடத்தில் வைக்கும் கருவிகளை நம் கையால் செய்யக் கற்றுக்கொள்வது. இரண்டாவதுதான் கடினமானது. வெளிநாட்டுக் கருவிக்குப் பணம் திரட்டுவது ஒரு வழி. அந்தக் கருவி கெட்டுப்போனால் மீண்டும் வெளிநாட்டுக்குத்தான் கடிதம் எழுத வேண்டும். செய்யத் தெரிந்த கைகள் இருந்தால், சீர்படுத்தலாம், மாற்றலாம், அடுத்ததைப் பெரிதாகச் செய்யலாம். பாப்பு கோடைக்கானலில் பட்டறையையும் ஒளியியல் பிரிவையும் வளர்த்தது இதற்காகத்தான்.

ஜவ்வாது மலை

இடம் தேடியவர்களின் கவனம் ஜவ்வாது மலையில் விழுந்தது. காவலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரிய நகரங்களின் வெளிச்சம் எட்டாத காடு. பூமத்திய ரேகைக்கு அருகே, 12½ பாகை வட அட்சத்தில் இருப்பதால், வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து பார்க்கலாம். ஐரோப்பிய, அமெரிக்க வானாய்வகங்கள் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. நல்ல சாலையும் மின்சாரமும் எளிதாகக் கிடைக்காத காலத்தில், மலைவாழ் மக்களின் சிற்றூர்களுக்கு நடுவே வேலை தொடங்கியது.

1968-ல் காவலூரில் முதல் தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது. அது கோடைக்கானல் பட்டறையில் நம்மவர்கள் செய்தது. அதன் விட்டம் 38 சென்டிமீட்டர். நவாப் ஜஃபர் ஜங் டப்ளினிலிருந்து வரவழைத்த 15 அங்குல லென்சுக்கும் அதே அளவு. 1901-ல் விலைக்கு வாங்கிய அளவை எட்டும் கருவியை 1968-ல் நம் கைகள் செய்து முடித்தன. இடையே 67 ஆண்டுகள்.

ஒரு வேறுபாடு உண்டு. நவாபின் தொலைநோக்கி லென்சால் ஒளியைக் குவித்தது. காவலூரின் தொலைநோக்கி குழியாடியால், அதாவது உட்குழிந்த கண்ணாடியால், ஒளியைப் பிரதிபலித்துக் குவித்தது. பெரிய லென்சுக்குச் சில தொல்லைகள் உண்டு. ஒளி கண்ணாடிக்கு உள்ளே புகுந்து வெளியே வருவதால், கண்ணாடி முழுவதும் குமிழோ கோடோ இல்லாமல் இருக்க வேண்டும். ஒற்றை லென்ஸ் சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. அதைச் சரிசெய்ய இரண்டு வகைக் கண்ணாடியில் இரண்டு லென்ஸ் வேண்டும். அப்படியானால் நான்கு பரப்புகளைத் தேய்க்க வேண்டும். லென்சை ஓரத்தில் மட்டும்தான் தாங்கிப் பிடிக்க முடியும். பெரிதானால் தன் எடையாலேயே நடுவில் தொய்யும். அமெரிக்காவில் 1897-ல் அமைந்த 40 அங்குல யெர்க்ஸ் லென்சைவிடப் பெரிய லென்ஸ் தொலைநோக்கி வானாய்வில் நிலைபெறாமல் போனதற்குக் காரணம் இதுதான். ஆடிக்கு ஒரு பரப்பு போதும். அதை முதுகுப்புறம் முழுவதும் தாங்கலாம். நிறப் பிரிவுத் தொல்லையும் இல்லை.

1971-ல் கோடைக்கானல் வானாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பானது. பாப்பு அதன் இயக்குநர். பின்னர் தலைமையகம் பெங்களூருக்கு மாறியது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி காவலூருக்கு வந்தது. அதே ஆண்டு, வியாழன் கோளின் நிலவான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்த நிலவைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளம் இங்கே பதிவானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது அதைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இடம் சரியானது என்பதற்கு இனிச் சான்று தேவைப்படவில்லை.

கண்ணாடியைத் தேய்த்தவர்கள்

1 மீட்டர் தொலைநோக்கி விலைக்கு வந்தது. அடுத்ததை, அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அகலமானதை, இந்தியாவிலேயே செய்வோம் என்று பாப்பு முடிவு செய்தார். சிறிய கருவிகளை மட்டுமே செய்து பழகிய நாட்டில் இது துணிச்சலான முடிவு. கண்ணாடிப் பாளம் மட்டும் ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்திலிருந்து வந்தது. வெப்பத்தால் ஏறக்குறைய விரியாத, சுருங்காத தனி வகைக் கண்ணாடி அது. அதற்கு வடிவம் கொடுக்கும் பொறுப்பை பெங்களூரில் நிறுவனத்தின் ஒளியியல் பிரிவு ஏற்றது. அதை வழிநடத்தியவர் ஏ.பி. ஜெயராஜன்.

லென்சோ ஆடியோ, செய்முறையின் அடிப்படை ஒன்றுதான். கண்ணாடியின் மேல் சாணைப் பொடியும் நீரும் இட்டு, இன்னொரு தட்டை வைத்து முன்னும் பின்னும் சுற்றியும் தேய்ப்பார்கள். முதலில் கரடுமுரடான பொடி. பிறகு படிப்படியாக மென்மையான பொடி. பரப்பு தேவையான வளைவுக்கு வந்ததும், தாரைப் போன்ற ஒரு பிசின் பூசிய தட்டில் மிக நுண்ணிய பொடி இட்டு மெருகேற்றுவார்கள். தெருவில் உள்ள கண்ணாடிக் கடைக்கு வரும் லென்சும் இந்த முறையில் உருவானதுதான். ஆனால் மூக்குக் கண்ணாடியில் சகித்துக்கொள்ளக்கூடிய பிழையை வானியலில் ஏற்க முடியாது. தலைமுடி ஒன்றின் தடிமனை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுக்குத்தான் பரப்பில் மேடு பள்ளம் இருக்கலாம்.

அந்த அளவில் கையின் சூடுகூடக் கணக்கைக் கெடுக்கும். தேய்த்த கண்ணாடி சூடு தணியும் வரை காத்திருந்து, பிறகுதான் அளந்து பார்க்க வேண்டும். குறைவாகத் தேய்த்திருந்தால் மீண்டும் தேய்க்கலாம். கூடுதலாகத் தேய்த்துவிட்டால், அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. பரப்பு முழுவதையும் அதன் மட்டத்துக்கு இறக்க வேண்டும். சில நிமிட வேலை, நீண்ட காத்திருப்பு, அளவு, மீண்டும் சில நிமிட வேலை என்று இது ஆண்டுக்கணக்கில் நடந்தது. கடைசியில் வெற்றிடக் கலத்துக்குள் வைத்து அலுமினியப் படலம் பூசினால்தான் கண்ணாடி ஆடியாகும்.

தொலைநோக்கியின் உடற்பகுதியை மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. அதைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உழைப்பு இருந்தது. 2.34 மீட்டர் ஆடி, முதலில் செய்த 38 சென்டிமீட்டர் கருவியைவிட ஏறத்தாழ 38 மடங்கு ஒளியைச் சேகரிக்கும். நம் கண்ணோடு ஒப்பிட்டால் ஒரு லட்சம் மடங்குக்கு மேல்.

பார்க்காமல் போன முதல் ஒளி

1979-ல் பாப்பு சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். உலக வானியலாளர்கள் அனைவருக்கும் பொதுவான அமைப்பு அது. 1981-ல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது அளித்தது. 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில் ஒன்றியத்தின் பொதுக்கூட்டம் கூடியது. தலைவர் அங்கே இல்லை. இதய அறுவை சிகிச்சைக்காக ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்தார். கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 19 அன்று, அங்கே இறந்தார். வயது 55.

பெரிய தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை. அவர் இல்லாமல் வேலை நின்றுவிடும் என்று அஞ்ச இடமிருந்தது. ஆனால் நிற்கவில்லை. கண்ணாடி தேய்க்கத் தெரிந்தவர்களும், இயந்திரம் வடிக்கத் தெரிந்தவர்களும், இரவெல்லாம் விழித்திருந்து அளக்கத் தெரிந்தவர்களும் அதற்குள் உருவாகியிருந்தார்கள். 1985 நவம்பரில் அந்த ஆடியில் முதன்முதலாக விண்மீன் ஒளி விழுந்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. 2596 என்ற எண் கொண்ட சிறுகோளும் அவர் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றிவருகிறது.

பேகம்பேட்டில் நவாபின் லென்ஸ் இருந்த இடத்தை ஹைதராபாத் நகரம் சூழ்ந்துகொண்டது. அங்கே இன்று வானாய்வு நடப்பதில்லை. அதைப் பார்த்து நவாபின் பணம் வீணானது என்று சொல்ல முடியுமா? அந்த லென்சின் பலன் பேகம்பேட்டில் நின்றுவிடவில்லை. அது நைனிடாலுக்கும் கோடைக்கானலுக்கும் ஜவ்வாது மலைக்கும் போனது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நிலையான தர்மமும் பயன் தரும் கல்வியும் மனிதன் இறந்த பின்னும் தொடரும் என்று மதரஸாவில் ஓதிய நாளிலிருந்து நாம் கேட்டுவருகிறோம். ஸதகத்துல் ஜாரியா என்றதும் கிணறு, பள்ளிவாசல், மதரஸா ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. அந்தப் பட்டியலில் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தையும், ஒரு நுண்ணோக்கியையும், ஒரு சிறிய தொலைநோக்கியையும் நாம் சேர்த்துக்கொண்டால் என்ன? தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் கணக்கிட வானியலை வளர்த்தது நம் சமுதாயம். டமாஸ்கஸ் உமைய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்த இப்னு ஷாத்திர், கோள்களின் இயக்கத்தை ஆராய்ந்த பேரறிஞர். பிறை பார்க்கும் நாளில் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்ப்பது அந்த மரபுக்குப் போதாது.

வாணியம்பாடியில் நம் முன்னோர் 1919-ல் இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அங்கிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர். திருவண்ணாமலை, போளூர், செங்கம் பகுதிக் குடும்பங்களுக்கும் அது எட்டாத தூரமன்று. வெளியூர்களிலிருந்து ஏலகிரிக்கும் ஜமுனாமரத்தூருக்கும் கோடைச் சுற்றுலா போகிறோம். பொதுமக்களை அனுமதிக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, பிள்ளைகளைக் காவலூருக்கும் அழைத்துப்போகலாம். மஹல்லா அளவில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து அழைத்துப்போவது ஜமாஅத்துக்குப் பெரிய செலவில்லை.

அப்படிப் போகும்போது பாப்புவின் வாழ்க்கையிலிருந்து இரண்டு செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர் கோடீஸ்வரரின் மகன் அல்லர், ஊழியரின் மகன். யாரோ ஒருவர் வாங்கி வைத்த கருவி அவருக்குக் கிடைத்தது, அதை அவர் பயன்படுத்திக்கொண்டார். இது முதல் செய்தி. பெரிய இடத்தை எட்டிய பின் அவர் திரும்பி வந்து, மற்றவர்களுக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தார். அதனால்தான் அவர் இறந்த பிறகும் வேலை முடிந்தது. இது இரண்டாவது செய்தி.

வசதி உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. கருவி வாங்கிக் கொடுப்பது தொடக்கம். நவாப் தன் காலத்துக்குப் பின் அதை யார் நடத்துவது என்றும் சேர்த்தே யோசித்தார். நாமும் ஒரு பள்ளிக்குக் கணினியோ நுண்ணோக்கியோ வாங்கிக் கொடுத்தால், அதைக் கையாளக் கற்றுத்தரும் ஆசிரியருக்கும், பழுது பார்ப்பதற்கும், அதில் ஆர்வம் காட்டும் ஏழைப் பிள்ளையின் மேற்படிப்புக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்ய வேண்டும். பூட்டிய அறையில் தூசி படியும் கருவியால் யாருக்கும் நன்மையில்லை.

வானங்களின் படைப்பில் சிந்திப்போருக்கு அத்தாட்சிகள் இருப்பதாக நம் வேதம் நமக்கு நினைவூட்டுகிறது. அந்தச் சிந்தனைக்கு வழிதிறக்கும் ஒரு லென்சையாவது நம் ஊர்ப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுப் போகும் வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.